கல் பாவியாயிற்று, ஆட்களை விட்டுவிடாதீர்கள்: மதுரை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சித்திரை வீதிகளில் கல் பாவியாயிற்று. வண்டிகளை நிறுத்தி, கோயிலைச் சுற்றி ஜனங்கள் பயமில்லாமல் நடக்க வழி செய்தாயிற்று. பெரியார் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டு 2021 கடைசியில் திறந்தாயிற்று. புது மண்டபத்துத் தூண்களுக்கு ஆணியிலிருந்தும் எண்ணெய்ப் பிசுக்கிலிருந்தும் விடுதலை கிடைத்தது. இவற்றில் பாதிக்கு மனதார நன்றி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஏறியதிலிருந்து மாசி வீதிகளுக்குள் ஒரு பேச்சு ஓயாமல் ஓடுகிறது. (கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று வீதிகள் வட்டம் வட்டமாக இருக்கிற ஊர் இது.) வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "அடேயப்பா, கோயிலைச் சுத்தி எவ்வளவு சுத்தமாயிருச்சு!" என்கிறார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள், "பழைய மதுரை போச்சுப்பா" என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் நான் இல்லை. சென்ட்ரல் மார்க்கெட் வடக்கு ஆவணி மூல வீதியில் இருந்த காலத்தில் மழை பெய்தால் அந்தப் பக்கம் எப்படி நாறும் என்று தெரிந்தவர்கள், பழசையெல்லாம் பொன்னாக்கிப் பேச மாட்டார்கள். அதற்காக, கல்லும் விளக்கும் போட்டால் ஊர் அழகாகிவிடும் என்று நம்பவும் முடியவில்லை.

மாறுவது மதுரைக்குப் புதிதில்லை. கோட்டைச் சுவரும் அகழியுமாக இருந்த ஊர் இது. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அந்தக் கோட்டையை இடித்தார். ஊர் மூச்சு முட்டிக் கிடந்தது, இடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எப்படி இடித்தார் என்பதுதான் கதை. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கும் ஜனங்களுக்கே அந்த இடம் மனையாகப் போய்ச் சேர ஏற்பாடு செய்தார் என்பது ஊரறிந்த செய்தி. வெளி வீதிகள் அப்படிப் பிறந்தன. அளந்து கொடுத்த சர்வேயர் மாரட் பெயரில் ஒரு வீதி, வேலையை நின்று பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி. மேஸ்திரி பெயரில் வீதி வைத்த ஊர் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். கலெக்டரின் நினைவாக ஜனங்கள் நட்ட விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. அந்தப் பெரிய மாற்றத்தில் இங்கிருந்தவர்களுக்கு ஒரு பங்கு கிடைத்தது. இப்போதைய மாற்றங்களை நான் எடைபோடுவது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

புது மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். கல் யானை கரும்பு தின்கிற சிற்பமும், நாயக்கரே குடும்பத்தோடு கைகூப்பி நிற்கிற சிலையும் அங்கேதான் இருக்கின்றன. பித்தளைக் குத்துவிளக்குக்கும் பாவாடைத் துணிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பின்னால் அவை பல தலைமுறைகளாக ஒளிந்திருந்தன. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றியதைப் பார்த்த பிறகு, கல் மண்டபத்துக்குள் கடை இருக்கட்டும் என்று வாதாட யாருக்கும் வாய் வராது. கடைகளை எடுத்தது சரி. பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தைப் புதிதாகக் கட்டி அதில் இடம் கொடுத்ததும் சரி. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பைபாஸ் ஓரத்தில் தள்ளிவிடவில்லையே.

ஆனால் அங்கே இருந்தவை வெறும் கடைகளா? சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். சல்லடம், கச்சை, தலைக்கு உருமால், ஜரிகையும் குஞ்சமும் வைத்துத் தைத்த மேல்சட்டை, தண்ணீர் பீய்ச்சத் தோல் பை. இத்தனைக்கும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து நின்ற இடம் புது மண்டபம். கால் மிதி மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத் தைத்துக் கொடுத்தவர்களில் பலர் முஸ்லிம் டெய்லர்கள். அப்பா தைத்ததை மகன் தைத்தார். நேர்த்திக்கடன் இருக்கிற வீட்டில் பையனுக்கு வேடம் கட்ட வேண்டுமென்றால், தாத்தா எந்தத் தூணடியில் தைக்கக் கொடுத்தாரோ அதே தூணடிக்குத்தான் போவார்கள். அளவெடுக்கும்போது டெய்லர், "போன தடவை உங்க அண்ணனுக்கு பச்சை ஜரிகை வச்சோம், இவனுக்கும் அதே வைக்கவா?" என்று கேட்பார். கோப்பில் அவர் 'கடைக்காரர்' என்று ஒரு வரியாக இருந்திருப்பார். திருவிழாவைப் பொறுத்தவரை அவர் கோயில் மேளக்காரருக்கு இணை.

அறைக்குள் ஷட்டர் போட்ட கடையாக மாறியதும் இந்த வேலையின் பாதி உயிர் போய்விடுகிறது. நடந்து போகிறவர் கண்ணில் துணியும் மெஷினும் பட்டால்தான் அந்த வியாபாரம். மாடிப்படி ஏறித் தேடிப்போய்த் தைக்கக் கொடுக்க கிராமத்து ஜனத்துக்கு யார் வழி சொல்வது? சத்திரத்தில் தரைத்தளத்துக் கடைகளைத் தைக்கிறவர்களுக்கும் கைவேலைக்காரர்களுக்கும் முதலில் ஒதுக்கி, வாங்கி விற்கிற கடைகளை மேலே அனுப்பினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். பங்குனி கடைசியிலிருந்து சித்திரை முடியும்வரை எழுகடல் தெரு ஓரத்தில் இந்த டெய்லர்களுக்குத் தற்காலிகப் பந்தல் போட்டுக் கொடுங்கள். மண்டபம் மண்டபமாகவே இருக்கட்டும். மெஷின் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் போதும்.

அடுத்தது எனக்கு இன்றுவரை விளங்காத ஒரு கணக்கு. காய்கறி லாரியால் நெரிசல் என்று சொல்லி சென்ட்ரல் மார்க்கெட்டை மாட்டுத்தாவணிக்கு அனுப்பினீர்கள். மார்க்கெட் இருந்த அதே ஆவணி மூல வீதி இடத்தில் பல அடுக்கு வாகனக் காப்பகம் கட்டினீர்கள். ஒரு பக்கம் சித்திரை வீதிக்குள் வண்டி வராதே என்கிறோம். மறுபக்கம், அதற்கு அடுத்த வட்டத்திலேயே நிறுத்த இடம் தயார், கார்களே வாருங்கள் என்று கூப்பிடுகிறோம். அந்தக் கார்கள் ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. வெளி வீதி, மாசி வீதி என்று எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டுதான் ஆவணி மூல வீதிக்கு வர வேண்டும். வெளி வீதிக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லி, உள்ளே சிற்றுந்து விட்டிருக்கலாம். கட்டியதை இனி இடிக்கச் சொல்லவில்லை. கோயிலுக்கு வரும் காருக்கு அதை மூடிவிட்டு, உள்வட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் கடைக்காரர்களின் வண்டிக்கும் மாதக் கட்டணத்தில் ஒதுக்குங்கள். சந்துகளில் நிற்கிற டூவீலர் பாதி அங்கே போய்விடும்.

எல்லாமே போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் கீழமாசி வீதிக்கு வந்து பாருங்கள். வத்தல் மூட்டை இறங்கும்போது எழும் நெடியில் தெருவே தும்மும். லோடுமேன்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டு, கொக்கியால் மூட்டையை ஒரு சுண்டு சுண்டி முதுகில் ஏற்றுகிற வேகத்தில் குறுக்கே போனால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். வெண்கலக் கடைத் தெரு, வளையல்காரத் தெரு, தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகள், மகால் பக்கம் சௌராஷ்டிரர் வீடுகளில் சுங்குடி முடிச்சுப் போடுகிற வேலை: மதுரையின் முகம் இதுதான். மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறிய வீட்டில் இன்றும் கதர்தான் விற்கிறது. அந்தக் கட்டடத்தைப் பிழைக்க வைத்தது அந்த வியாபாரம். பத்துத்தூண் சந்தில் நாயக்கர் அரண்மனையின் மிச்சத் தூண்கள் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அவற்றை மறைக்கிற விளம்பரப் பலகைகளைக் கழற்றுங்கள், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். கடைகளைக் கழற்றாதீர்கள்.

தங்கம் தியேட்டர் போன இடத்தில் துணிக்கடை வந்ததற்கெல்லாம் நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அதன் காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின இரவு விளக்குத்தூண் பக்கம் உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று தெரியாது. பந்தோபஸ்து பார்வையிட அல்ல, துணி எடுக்க. நள்ளிரவுக்குமேல் விலை இறங்கும் என்று காத்திருந்து, போனஸ் பணத்தோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிளாட்பாரத்தில் குவித்த சட்டைகளில் பிள்ளைக்கு அளவு பார்த்து எடுப்பார்கள். பெரிய கடைக்குள் காலடி வைக்கத் தயங்குகிற குடும்பத்துக்கும் இந்த ஊரின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்பதற்கு அந்த இரவுதான் சாட்சி. பிளாட்பாரக் கடைகளை ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் அடைத்து லாரியில் ஏற்றுவது சுலபம். ஆனால் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நடந்துவரும் சந்தைகளை மரபுச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதன் இரண்டாம் அட்டவணை தெளிவாக வைத்திருக்கிறது. அந்த வரியை மதுரையில் எங்கே பொருத்தலாம் என்று தேடி அலைய வேண்டியதில்லை. விளக்குத்தூணிலிருந்து நடக்கத் தொடங்கினால் போதும்.

இதைவிடக் கவலையான சங்கதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் ஒரு கல்கூடப் பேசவில்லை. உள்வட்டத்தில் ஜனங்கள் குடியிருப்பது குறைகிறது. திண்ணையும் முற்றமும் தேக்குத் தூணும் உள்ள வீட்டுக்கு ஆறேழு வாரிசுகள். ஒருத்தர் கே.கே. நகரில், ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் வெளிநாட்டில். ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும், யார் போடுவது? முதலில் குடோனுக்கு வாடகைக்கு விடுவார்கள். அப்புறம் விற்பார்கள். அப்புறம் முகப்பில் ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட் அடித்த லாட்ஜ் எழும்பும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டர் உயரத்துக்குமேல் கட்டக் கூடாது என்று 1997-லேயே அரசாணை வந்தது. எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் அந்த ஆணைக்கு என்ன மரியாதை என்பது தெரிந்துவிடும். இரண்டு மாடியோடு நிறுத்திக்கொண்டவன் ஏமாளி, நாலு மாடி எழுப்பியவன் கெட்டிக்காரன் என்று ஊரில் எண்ணம் விழுந்தபின், பழைய வீட்டை வைத்துக்கொண்டிருப்பவருக்கு என்ன தெம்பு இருக்கும்?

எனவே மீறிய கட்டடங்கள்மீது நடவடிக்கை எடுக்கிற அதே கையோடு, மீறாதவர்களுக்கு ஏதாவது கொடுங்கள். பழைய வீட்டில் தானே குடியிருப்பவருக்குச் சொத்துவரியில் கணிசமான தள்ளுபடி வேண்டும். ஓடு மாற்றவும் உத்தரம் மாற்றவும் ஒரே மனுவில், அலைய வைக்காமல் அனுமதி வேண்டும். மெட்ராஸ் ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டியல் ஒன்று மாநகராட்சியிடம் இருக்கட்டும். மரபுக் கட்டடங்களுக்கென்று ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-லேயே சட்டமன்றத்தில் நிறைவேறியது. மாசி வீதிகளுக்குட்பட்ட வீடுகளைக் கணக்கெடுத்து அந்த ஆணையத்துக்கு அனுப்ப வேண்டியது நீங்கள்தான். தெருவில் ராத்திரி வீட்டு விளக்கு எரிந்தால்தான் அது தெரு. பக்தர்களும் லாட்ஜ்காரர்களும் மட்டும் மிஞ்சினால், ஒன்பது மணிக்குமேல் செக்யூரிட்டியும் கேமராவும்தான் வீதியில் இருக்கும். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு அது பொருந்தாது.

சின்னதாக ஒன்று. சித்திரை வீதியில் பாவிய கல் பங்குனி வெயிலில் எப்படிக் கொதிக்கிறது என்று மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். தென்னை நார் விரிப்பும், நிழலுக்கு நாலு இடத்தில் பந்தலும், பெண்கள் கூசாமல் போகிற கழிப்பறையும் அலங்கார விளக்கைவிட மலிவாகவே முடியும்.

கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்தையும் வெளியே அனுப்பிவிடலாம் என்று நாளைக்கே யாராவது ஒரு ஆலோசனை நிறுவனம் வரைபடத்தோடு வந்து நிற்கலாம். லாரிக்கு நேரம் குறித்து, அந்த நேரத்தைக் கறாராகக் காப்பாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மாசி வீதிகள் இன்றைக்கும் இவ்வளவு அகலமாக இருப்பதற்குத் தேருக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் அம்மனும் சுவாமியும் தேரில் வருவார்கள் என்பதற்காகவே யாரும் வீதிக்குள் கைநீட்டிக் கட்டத் துணியவில்லை. தேருக்கு வழிவிடத் தெரிந்த வியாபாரிகளுக்கு லாரி நேரத்துக்குக் கட்டுப்படவும் தெரியும். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.

அந்தத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் விளக்குத்தூண், பத்துத்தூண் பகுதிகளை மரபுச் சந்தையாக அறிவிக்கும் தீர்மானத்தை வையுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் கடை போடுகிறவர்கள் யார் யார், எந்த இடத்தில் என்ற பட்டியலுக்கு நீங்கள் கன்சல்டன்ட் வைக்க வேண்டாம். அந்தந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால் ஒரு வாரத்தில் கையெழுத்தோடு வரும்.

இப்படிக்கு,
தெற்குமாசி வீதிக்குப் பின்சந்தில் இன்னும் குடியிருக்கும் ஒருவர்