குறி கேட்டு ஏமாந்தவங்கள திட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதத்துல ஒருத்தர், குறி கேக்கப் போயி காசு விட்டவங்கள பாத்து பாவப்படவே கூடாது, எல்லாம் பேராசையும் முட்டாத்தனமும் தான்னு எழுதியிருந்தாரு. படிச்சிட்டு அன்னிக்கு முழுக்க எனக்கு சோறு இறங்கல. ஏன்னா நான் அப்படி காசு விட்டவ. எனக்கு ஆசை ஒண்ணும் இல்லைங்க ஐயா, பயம் தான் இருந்துச்சு.

எனக்கு 52 வயசு. மலேசியாவுல பினாங்கு, ஆயர் ஈத்தாம்ல ஃபிளாட்டு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தி நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க, அந்தக் கவலை ஆறுறதுக்குள்ள மகளுக்குப் பேசின சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னு போச்சு. கூட வேலை செய்யற அக்கா ஒருத்தவங்க, பட்டர்வொர்த் பக்கம் ஒரு சாமியம்மா இருக்காங்க முகத்தப் பாத்தே சொல்லிடுவாங்கன்னு ஃபெர்ரியில கூட்டிட்டுப் போனாங்க. அங்க வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சி ஒரு சின்னப் பொண்ணு தேத்தண்ணி குடுத்துச்சு, எங்கேர்ந்து வர்றீங்க ஆன்ட்டி, யாருக்கு உடம்பு சரியில்ல, அங்கிள் என்ன வேலைன்னு அரை மணி நேரம் அன்பா பேசிச்சு. உள்ள போனதும் சாமியம்மா கண்ண மூடிக்கிட்டு, "உன் வீட்டு ஆம்பள நெஞ்சுல கை வச்சிட்டாங்க தாயி"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. வெளிய உக்காந்து நானே தான் அத சொன்னேன்னு அந்த நிமிஷம் ஞாபகத்துக்கே வரல.

அப்புறம் எலுமிச்சம்பழத்த என் தலைய சுத்தி கத்தியால அறுத்தாங்க, உள்ள ரத்தமா செவந்து இருந்துச்சு. செய்வினை இருக்கு, 90 நாளுக்குள்ள கண்டம்னாங்க. அன்னிக்கு தட்சணை 51 வெள்ளி (ரிங்கிட்). அடுத்த வாரம் தகடுக்கு 350. அப்புறம் கழிப்புக்கு 1,800, அத இபிஎஃப்னு சொல்ற சேமநிதியோட மூணாவது அக்கவுண்ட்லேர்ந்து எடுத்தேன், 2024ல அந்த அக்கவுண்ட தொறந்தப்போ அவர் மருந்துக்கு ஆகும்னு நெனச்ச காசு அது. கடைசியா சுடுகாட்டு பூஜைன்னு 4,500, என் ரெண்டு வளையலும் அடகு கடைக்குப் போச்சு. மொத்தம் 6,701 வெள்ளி. அதுக்கப்புறம் போன் போட்டா எடுக்கல, வாட்ஸாப்ல பிளாக்.

இதுக்கப்புறம் நடந்தது தான் முக்கியம், அதுக்கு தான் இந்தக் கடிதமே. மொதல்ல என் கொழுந்தன்கிட்ட சொன்னேன். "உங்களுக்கு புத்தி எங்க போச்சு அண்ணி"ன்னு பிள்ளைங்க முன்னாடி சத்தம் போட்டாரு. அவரு பேர்ல தப்பு சொல்லல, கோவம் வரத்தான் செய்யும். ஆனா அன்னிக்கு நான் வாய மூடினது மூணு வாரம் தொறக்கல. காசு போனது ஒரு பக்கம், 90 நாள் கணக்கு மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வீட்டுக்காரர் மூச்சு விடறாரான்னு மூக்குக்கிட்ட கை வச்சிப் பாப்பேன். வேற யார்கிட்டயும் சொல்ல முடியாம டிக்டாக் லைவ்ல குறி சொல்ற ஒரு ஆளுக்கு மெசேஜ் போட்டேன், அவன் என்ன சொன்னான் தெரியுமா, அந்த பொம்பள உங்களுக்கு கட்டு போட்டிருக்கா, நான் அவுத்துட்டு உங்க காசையும் திரும்ப வர வைக்கிறேன், 2,300 ஆகும்னான். ஏமாந்தவங்க ரெண்டாவது தடவ ஏமாறறது இப்படித்தான் ஐயா. வீட்ல வாய அடைச்சா அவங்க போற எடம் இன்னொரு குறிக்காரன் வீடு தான்.

அந்த மெசேஜ என் மக பாத்துட்டா. திட்டல. தரையில என் பக்கத்துல வந்து உக்காந்து பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ண தொறந்து, "மா, மொத நாள் என்னிக்குப் போனீங்க, தேதி சொல்லுங்க"ன்னா. அவ்வளவு தான். ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு எழுதினா, தேதி, தொகை, எந்த அக்கவுண்ட், அவங்க என்ன வார்த்த சொன்னாங்க, கூட யார் இருந்தாங்க. நான் அழிக்க இருந்த வாட்ஸாப் பேச்ச எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா, பேங்க் ரசீது எல்லாத்தையும் ப்ரிண்ட் போட்டா. எழுதி முடிக்கறப்ப மூணு பக்கம் வந்துச்சு. அந்த மூணு பக்கத்தப் படிச்சப்ப தான், இது சாமி விஷயம் இல்ல, வரிசையா திட்டம் போட்டு செஞ்ச வேலைன்னு எனக்கே தெரிஞ்சிச்சு.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் போனோம். எந்த ஸ்டேஷன்லயும் ரிப்போர்ட் குடுக்கலாம், அவங்க ஊருக்கே போகணும்னு இல்ல. சிரிப்பாங்கன்னு பயந்தேன், யாரும் சிரிக்கல, ஏமாத்தி காசு வாங்கினா தண்டனைச் சட்டம் 420 தான், ஒரு வருஷத்துலேர்ந்து பத்து வருஷம் வரைக்கும் ஜெயில், பிரம்படி, அபராதமும் உண்டுன்னு அங்க இருந்தவர் சொன்னாரு. காசு கேட்டது குறி சொல்லின்னாலும் போன்ல லோன் தர்றேன்னாலும் ஏமாத்து ஏமாத்து தான். 4,500 போன அக்கவுண்ட் யாரோ ஒரு பையன் பேர்ல இருந்துச்சு, மோசடிக்காரங்க அக்கவுண்டான்னு பாக்கறதுக்கு இருக்கற போலீசோட செமாக் மியூல் வெப்சைட்ல நம்பர தட்டினா அதுக்கு ஏற்கனவே ரிப்போர்ட் இருந்துச்சு. காசு அனுப்பறதுக்கு முந்தி ஒரு நிமிஷம் அத பாத்திருந்தா!

பேங்க்ல காசு மாத்தி விட்டு ஏமாந்தவங்க உடனே 997க்கு, அதாவது தேசிய மோசடிப் புகார் மையத்துக்கு கூப்பிடணும், 2022லேர்ந்து இருக்கு, காசு அடுத்த அக்கவுண்டுக்கு தாவறதுக்குள்ள பேங்க் அத முடக்கப் பாக்கும். நான் மூணு வாரம் கழிச்சி கூப்பிட்டேன், காசு எங்கயோ போயிடுச்சு. அந்த மூணு வாரத்த தின்னது என் வெக்கம்.

1,800 மட்டும் சாமியம்மா சொந்தப் பேரு அக்கவுண்டுக்கு போயிருந்துச்சு, அதனால நெஜப் பேரும் கெடச்சிச்சு. அத வச்சி பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துல ஃபாரம் போட்டோம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். விசாரணை தேதிக்கு காத்திருக்கோம்.

இன்னொண்ணு சொல்லணும். எங்க ப்ளோக் கீழ செம்பருத்தி இருக்கு, நம்ம நாட்டோட தேசிய மலர் தான். மக ரெண்டு பூ பறிச்சிட்டு வந்து கத்தியில நல்லா தேச்சி காய வச்சா, கத்தியில லேசா ஊதா கறை மட்டும் தான் தெரிஞ்சிச்சு. எலுமிச்சம்பழத்த அறுத்தோம். அதே ரத்தம். புளிப்பு பட்டா அந்தப் பூவோட சாயம் செவப்பா மாறிடுமாம். சமையல் கட்டுல நின்னுக்கிட்டு நான் அழுதுட்டேன், ஆனா அன்னிக்கு ராத்திரி தான் பல நாளுக்கப்புறம் தூங்கினேன். முகத்தப் பாத்து சொன்னது மட்டும் எப்படின்னு மககிட்ட கேட்டேன், அவ ஒரு கதை சொன்னா. 1948ல அமெரிக்காவுல ஃபோரர்னு ஒரு பேராசிரியர் 39 மாணவர்களுக்கு உன் குணம் இதுதான்னு ஆளுக்கொரு பேப்பர் குடுத்து மார்க் போட சொன்னாராம், சராசரியா அஞ்சுக்கு நாலுக்கு மேலயே போட்டாங்களாம், எல்லாருக்கும் குடுத்தது ஒரே பேப்பர். படிச்ச பிள்ளைங்களே அப்படின்னா, புருஷனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிக்கிட்டு போய் நிக்கறவ என்ன செய்வா?

காசு ஒரு பக்கம் இருக்கட்டும், பயம் போகாதவங்க க்ளினிக் கெசிஹாத்தான்னு சொல்ற அரசாங்க க்ளினிக்குக்கு போங்க, 1 வெள்ளி தான், தூக்கம் வரலன்னு தயங்காம சொல்லுங்க. யார்கிட்டயாவது பேசியே ஆகணும்னு நடுராத்திரியில தோணினா மனசு விட்டுப் பேசறதுக்கு இருக்கற பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க. நான் சாமிய விடல. லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போறேன், அங்க அர்ச்சனை பண்ணிட்டு வர்றப்ப யாரும் உன் வீட்ல சாவு விழும்னு சொன்னதில்ல.

90 நாள் தாண்டி ஏழு மாசம் ஆச்சு. வீட்டுக்காரர் காலையில மார்க்கெட்டுக்கு நடந்து போயிட்டு வர்றாரு.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள். உங்க பத்திரிகையிலயும் வசியம், செய்வினை எடுக்கறதுன்னு விளம்பரம் வருது. அத போடாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, ஆனா அந்தப் பக்கத்துலயே, அதே அளவு எழுத்துல, 997 நம்பரையும் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வாசகி, பினாங்கு