சேகருக்கு: 'டார்க் சைட்' கேட்கும் நாளைப் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்த செய்தி பெரிய நிம்மதி. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மார்ச் முதல் தேதி பத்துப் பேரைக் கூப்பிட்டு பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை முழுசாகப் போடப்போகிறாய், என்னென்ன கவனிக்கணும் என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ எடுத்த தேதி சரிதான். ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது 1973 மார்ச் 1. பிரிட்டனில் அதே மாதம் பின்னால் வந்தது. ரசிகர்கள் ஆளுக்கொரு தேதியைப் பிடித்துக்கொள்வதால் மாதம் முழுக்கக் கொண்டாட்டம்தான். இன்னும் விடாப்பிடியான சிலருக்கு 1972 ஜனவரி 20-தான் பிறந்தநாள். பிரைட்டன் டோம் அரங்கில் இந்தப் பாட்டு வரிசை முதன்முதலாக மேடையேறியது அன்றைக்குத்தான். கருவிக் கோளாறால் 'மணி' (Money, அதாவது பணம்) பாட்டோடு நின்றும் போனது! அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மேடையில் அடித்துத் திருத்தித்தான் இசைத்தட்டாக வெளியிட்டார்கள்.

50-வது ஆண்டுக்கு 2023-இல் வந்த பெட்டித் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டாய். அட்மாஸ் (சுற்றிலும் மேலிருந்தும் ஒலி வரும் முறை) ஸ்பீக்கர் வரிசை வீட்டில் இல்லாதவனுக்கு அது தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். அதிலிருக்கும் 1974 வெம்ப்ளி கச்சேரி தனியாகவே கிடைக்கிறது. உண்மையான புதையல் 2011 'இம்மெர்ஷன்' பெட்டியில் இருக்கிறது: பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் 1973-இல் நான்கு ஸ்பீக்கருக்காகச் செய்த நாற்சேனல் கலவை. 2003-இல் 30-வது ஆண்டுக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு தாழொலிப் பெட்டி) கலவை செய்யும் வேலை ஜேம்ஸ் கத்ரியிடம் போனது. எது உசத்தி என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் பார்சன்ஸ் கட்சி.

பிளானட்டேரியத்தில் போடுகிறார்களாமே என்று ஆச்சரியப்பட்டாய். ஆமாம், 2023-இல் பல நாட்டுக் கோளரங்கங்களில் போட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1973 பிப்ரவரி 27 அன்று பத்திரிகைக்காரர்களுக்கு முதலில் போட்டுக் காட்டியதும் லண்டன் பிளானட்டேரியத்தில்தான். நாற்சேனல் கலவை தயாராகவில்லை என்ற கோபத்தில் குழுவில் ரிக் ரைட் தவிர மற்ற மூவரும் வரவில்லை. விருந்தாளிகளை வரவேற்றது ஆளுயர அட்டை உருவங்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தின் உயிர் ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு ஒட்டிய இடங்களில் இருக்கிறது. ஒரு பக்கம் ஓட ஆரம்பித்தால் நடுவே மௌனம் என்பதே அநேகமாகக் கிடையாது. 'ஸ்பீக் டு மீ'யில் இதயத்துடிப்பு, கடிகாரம், கல்லாப்பெட்டி, சிரிப்பு, அலறல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பின்னோக்கி ஓடும் ஒரு பியானோ கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில்) ஊதி, 'ப்ரீத்' ஆக உடையும். அந்த உடைப்பில் கால் விநாடி இடைவெளி விழுந்தாலும் மொத்தமும் பாழ். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஆபி ரோடு ஸ்டுடியோவில் 16 ட்ராக் டேப்பை வைத்துக்கொண்டு ஒலி அளவை மாற்றும் ஃபேடர்களைக் கையால் ஏற்றி இறக்கிச் செய்த வேலை. அதைக் கெடுக்காமல் பத்துப் பேர் காதில் சேர்ப்பதுதான் உன் பொறுப்பு.

போனிலிருந்து போடுவதாக இருந்தால் மூன்று விஷயம் பார். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாத அமைப்பை இயக்கு. ஒரு பாட்டை அடுத்ததில் கரைக்கும் கிராஸ்ஃபேடை அணை, இல்லையென்றால் அவர்கள் ஒட்டிய இடத்தில் செயலி தன் ஒட்டை வேறு போடும். ஒலி சமன்படுத்தலை ஆல்பம் அளவில் வை. பாட்டுக்குப் பாட்டு சமன்படுத்தினால் 'ஸ்பீக் டு மீ' வீங்கிப்போய், 'டைம்' சப்பென்று ஆகும். பழைய எம்பி3 கோப்புகள் வேண்டவே வேண்டாம். அந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றொலி சேரும், ஒட்டு ஒவ்வொன்றும் 'டக்' என்று அறும். ஒற்றை புளூடூத் டப்பாவில் போட்டால் 'ஆன் தி ரன்' முக்கால்வாசி காணாமல் போய்விடும். எட்டு ஸ்வரத்தை சின்தி சிந்தசைஸரில் பதித்து வேகம் கூட்டிச் செய்த அந்தப் பாட்டு, இடமும் வலமும் ஓடுவதற்காகவே இருக்கிறது.

தட்டில் போடுவாய் என்றே நினைக்கிறேன். முதல் பக்கம் சுமார் 19 நிமிடம், இரண்டாவது சுமார் 23½. தொடக்கமே கிட்டத்தட்ட நிசப்தம். குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பஞ்சு அடைத்த பாஸ் டிரம்தான் இதயமாகத் துடிக்கிறது. ஆகவே தூசியும் கீறலும் முதல் நிமிடத்தில்தான் அதிகம் கேட்கும். முந்தின நாளே கழுவி வை: ஒரு லிட்டர் டிஸ்டில்டு தண்ணீர், வாசனை சேர்க்காத பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. பள்ளம் ஓடும் திசையிலேயே துடை, லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு தண்ணீரில் அலசி நிறுத்தி வைத்துக் காயவிடு. குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலிருக்கும் உப்பு பள்ளத்திலேயே உலர்ந்து பொரிபொரியென்று கேட்கும்.

அடுத்தது ஊசி. பெரிய உச்சங்கள் இரண்டுமே தட்டின் மோசமான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. முதல் பக்கக் கடைசியில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை', இரண்டாம் பக்கக் கடைசியில் 'எக்லிப்ஸ்'. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். அதே அலையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிக் குறுக்கியிருக்கிறது. கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணம் கொஞ்சம் பிசகியிருந்தாலும், ஊசி தேய்ந்திருந்தாலும் 'தி கிரேட் கிக்'கில் பாடிய கிளேர் டோரியின் குரல் உச்சத்தில் கரகரத்து உடையும். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. 2004-இல் வழக்குப் போட்டு, 2005-இல் சமரசமாகித்தான் இயற்றியவர் வரிசையில் ரைட்டோடு அவர் பெயரும் ஏறியது. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பெயர் வாங்கிய குரலை நாம் தேய்ந்த ஊசியில் கேட்கக் கூடாதுடா.

புரொட்ராக்டர் அட்டையை வைத்துக் கோணத்தைச் சரிபார். ஊசி தட்டை அழுத்தும் எடை, தயாரித்தவர்கள் சொன்ன வரம்புக்குள் இருக்கட்டும். சாதாரண மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்குப் பெரும்பாலும் 1.8 முதல் 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று சிலர் நம்புகிறார்கள். நேர்மாறு. ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி விழுவதால்தான் அதிகச் சேதம்.

வேகத்தையும் பார். டர்ன்டேபிளைச் சுற்றும் பெல்ட் பழசானால் தளர்ந்து வழுக்கும், சுருதி இறங்கும். 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தால், 33⅓ சரியாக ஓடும்போது கோடுகள் நின்றமாதிரி தெரியும். எல்இடி விளக்கு பலவற்றில் அந்த மினுக்கம் இருக்காது, ஒன்றும் தெரியாது.

டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. சத்தத்தைக் கூட்டினால் இதயத்துடிப்பின் தாழொலி மேசை வழியே ஊசிக்கு ஏறி, அங்கிருந்து திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து, ஊளையிடத் தொடங்கிவிடும். சுவரில் அடித்த பலகை உத்தமம். ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பு கறுப்பு ஒரு பக்கம் மட்டும் மாறியிருக்கிறதா என்றும் பார். மாறியிருந்தால் தாழொலி செத்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே என்று தெரியாமல் பரவும். பத்துப் பேரை ஸ்பீக்கர்களுக்கு நடுக்கோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் உட்கார வை. ஓரத்தில் உட்காருகிறவனுக்கு ஒரு பக்கம்தான் கிடைக்கும்.

சத்த அளவை 'டைம்' கடிகாரங்களை வைத்து முன்கூட்டியே முடிவு செய்து, குமிழைத் தொடாதே. கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பார்சன்ஸ் பதிந்து வந்து கோத்தவை அவை. ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவில்லையே என்று யாராவது சத்தத்தைக் கூட்டுவார்கள். அப்புறம் கடிகாரம் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருவார். தட்டைத் திருப்ப இரண்டு நிமிடம் போதும். டீயை அப்போது ஊற்ற ஆரம்பித்தாய் என்றால் 'மணி' தொடங்கும்போது டம்ளர்ச் சத்தம்தான் கேட்கும்.

'மணி'யின் காசுச் சத்தத்தை வீட்டில் செய்து காட்டலாமா என்ற உன் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. குழுவின் பாஸ் கிடார்க்காரர் ரோஜர் வாட்டர்ஸும் மேசனும் செய்தது இதுதான்: ஓட்டை போட்டு நூலில் கோத்த பென்னிகள், மண்பாண்ட வேலைக்கான கிண்ணத்தில் சுழலும் நாணயங்கள், கிழிபடும் காகிதம், கல்லாப்பெட்டி என்று மொத்தம் ஏழு ஒலி. டேப்பை ஸ்கேலில் அளந்து ஒரே நீளமாக வெட்டி வளையமாக ஒட்டினார்கள். நமக்குப் பழகின மிஸ்ரம்தான், ஏழு எண்ணிக்கை.

உன் ஸ்பூல் மெஷினில் விநாடிக்கு 7½ அங்குல வேகம் இருக்கிறதல்லவா? நிமிடத்துக்கு 120 தாள அடி என்று வைத்தால் ஒரு தாள அடிக்கு அரை விநாடி, அதாவது 3¾ அங்குல டேப். ஏழு துண்டும் சேர்ந்து 26¼ அங்குலம். ஒவ்வொரு ஒலியையும் பதிந்தபின் ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, ஒலி தொடங்கும் இடம் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு நேரே வரும்போது மெழுகுப் பென்சிலால் குறி. அந்தக் குறியிலிருந்துதான் 3¾ அங்குலம் அளக்கணும். கண்ணால் பார்த்து உத்தேசமாக வெட்டினால் தாளம் நொண்டும். ஒலி சீக்கிரம் அடங்கிவிட்டால் மிச்ச நீளம் வெற்று டேப்பாகவே இருக்கட்டும்.

வெட்டு 45 டிகிரி சாய்வாக. நேராக வெட்டினால் ஒட்டு ஹெட்டைக் கடக்கும்போது 'டப்' என்று கேட்கும். பிளேடு காந்தமேறியிருந்தாலும் அதே தொல்லை. ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் டேப் மட்டும். அது கால் அங்குல டேப்பைவிடக் கொஞ்சம் குறுகலாக இருப்பதால் பசை ஓரத்தில் வழியாது. செல்லோடேப் போட்டால் பசை கசிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். டேப்பின் முதுகில் ஒட்டு, ஹெட்டைத் தொடும் முகத்தில் ஒட்டாதே. ஏழு துண்டு, ஏழு ஒட்டு. கடைசி ஒட்டைப் போடும்முன் வளையம் முறுக்கிக்கொள்ளவில்லையே என்று பார்.

இரண்டு ஸ்பூலையும் எடுத்துவிட்டு, வளையத்தை ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு வழியாக விட்டு, மிச்சத்தை ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றி வா. டேப் அறுந்தால் தானே நிற்பதற்கான கை உன் மெஷினில் இருந்தால், வளையம் அதையும் சுற்றிப் போகணும். இறுக்கம் கூடினால் சுருதி தள்ளாடும், ஒட்டு பிரியும். குறைந்தால் டேப் ஹெட்டை விட்டு விலகி, காசின் கணீர் மங்கும். ஓட ஆரம்பித்ததும் எல்லோரையும் கைதட்டச் சொல். அப்புறம் தட்டைப் போட்டால், கிடார் சோலோ வரும் இடத்தில் எல்லோர் கையும் தவறும், ஏனென்றால் அங்கே நாலுக்கு மாறிவிடுகிறது. அதற்கு முன்னால் வரும் டிக் பாரியின் சாக்ஸபோன் ஏழிலேயே நிற்கும்.

நேரம் இருந்தால் கேள்வி அட்டையும் செய். ஆல்பத்தில் கேட்கும் பேச்சுக் குரல்களுக்கு வாட்டர்ஸ் கேள்விகளை அட்டைகளில் எழுதி அடுக்கி வைத்திருந்தார். பிடித்த நிறம் மாதிரி லேசானதில் ஆரம்பித்து, கடைசியாக எப்போது வன்முறையில் இறங்கினாய், உன் பக்கம் நியாயம் இருந்ததா என்று போகும். ஆள் தனியாக உட்கார்ந்து, அட்டையைப் புரட்டிப் புரட்டி மைக்கில் பதில் சொல்லணும். எதிரில் ஆள் இருந்தால் நடிப்பு வந்துவிடும். பால் மெக்கார்ட்னியும் லிண்டாவும்கூடப் பதில் சொன்னார்கள். ஆனால் அதைச் சேர்க்கவில்லை. கடைசியில் இதயத்துடிப்போடு வரும், நிலவில் இருண்ட பக்கம் என்று ஒன்றுமில்லை, எல்லாமே இருட்டுதான் என்ற வாக்கியம் ஸ்டுடியோ வாசல் காவலாளி ஜெர்ரி ஓ'டிரிஸ்கால் சொன்னது.

'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தோடு சேர்த்து ஓட்டும் விளையாட்டை விட்டுவிடு. 43 நிமிடத் தட்டை நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும் படத்தோடு பொருத்த, இரண்டு தடவைக்கு மேல் போட வேண்டியிருக்கும். ஆல்பம் அட்டையில் இருக்கிற மாதிரி பட்டகம் (பிரிசம்) மட்டும் ஒன்று வாங்கி மேசையில் வை. கறுப்பு அட்டையில் ஒரு மில்லிமீட்டர் கீறல் வெட்டி வெயிலை விட்டால் நன்றாகப் பிரியும். எல்இடி டார்ச்சில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு மங்கல் விழும். ஹிப்நாசிஸ் வடிவமைப்பு நிறுவனத்துக்காக ஜார்ஜ் ஹார்டி வரைந்த அட்டையில் ஆறு நிறம்தான், கருநீலம் கிடையாது. குழந்தைகளை எண்ணச் சொல்.

உன் கார்ட்ரிட்ஜின் பெயரும் எண்ணும், தட்டு எந்த நாட்டு அச்சு என்பதும் அடுத்த கடிதத்தில் எழுது. எடையைத் துல்லியமாகப் பார்த்துச் சொல்கிறேன். பெல்ட் மட்டும் இப்போதே மாற்றிவிடு, மார்ச் வரை தள்ளாதே.

அன்புடன்,
ரவி