தம்பிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பி,

ஸ்பெயினின் அல்மதேன் ஊரிலிருந்து நீ அனுப்பிய படங்களை அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள். நான் மட்டும் அந்த மருத்துவமனைப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதரசச் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கென்றே தனியாக ஓர் ஆஸ்பத்திரியை 1773-லேயே கட்டி முடித்திருக்கிறார்கள். காளைச் சண்டை அரங்கின் வருமானத்தையும், அதைச் சுற்றியிருந்த வீடுகளின் வாடகையையும் இதற்குக் கொடுத்தார்களாம். நம் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த பிள்ளை ஸ்பெயினில் அந்த வாசலில் நிற்கிறான் என்று பெருமையாக இருந்தது. அங்கெல்லாம் போக நேரம் இருக்கிறது, மூன்று வாரமாக எங்களுக்கு ஒரு போன் போடத்தான் நேரமில்லை.

லேபில் கையுறை போடுகிறாய் அல்லவா? ஜன்னல் இருக்கிறதா?

1761 முதல் அந்தச் சுரங்கத்துக்கு மருத்துவராக இருந்த ஹோசே பரேஸ், தொழிலாளிகளுக்கு வந்த நோய்களை எழுதிவைத்திருக்கிறார். பாதரச ஆவியை மூச்சில் வாங்கினால் ஈறு புண்ணாகும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், கை நடுங்கும். முற்றிவிட்டால் தண்ணீர்க் குவளையைக்கூட வாய்க்குக் கொண்டுபோக முடியாது. போன தடவை வீடியோவில் நீ காபி குடித்தபோது படம் ஆடியது. நெட் சரியில்லை என்று அம்மா சொன்னாள். சரி, நெட்டாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு செக்கப் செய்துகொள். கையுறையை மறக்காதே.

அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம், சுரங்கத்தின் பழைய ஆவணங்களும் அங்கேதான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவர்கள் இருநூறு முந்நூறு வருடக் காகிதத்தைப் பாதுகாக்கிறார்கள். நான் ஒரே ஒரு காகிதத்தை அடுப்பில் போட்டவன்.

தாத்தாவுக்கு இருமல் வந்த வருடம். எக்ஸ்ரே எடுத்து ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். நுரையீரலில் தூசு படிந்திருக்கிறது, இனிமேல் அண்டர்கிரவுண்ட் வேலை கூடாது என்று இருந்தது. மேலே வந்தால் சம்பளம் குறையும். எனக்குக் காலேஜ் பீஸ் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. "ஒன்றுமில்லை, மருந்து சாப்பிட்டால் போதுமாம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மறுநாள் ஷிப்டுக்குப் போனார். இன்னும் நான்கு வருடம் இறங்கினார். அவருடைய கடைசி மாதங்கள் உனக்குத் தெரியும்.

நம் தங்கச் சுரங்கத்தைத் தாத்தாவும் திட்டினார், ஊரே திட்டியது. 2001-இல் மூடியபோதும் நான் கூட நின்று திட்டினேன். சீட்டு விஷயத்தை அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

செக்கப் செய்ததும் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. ஸ்பானிஷில் இருந்தாலும் பரவாயில்லை, ஆள் வைத்துப் படித்துக்கொள்கிறேன். நீ படித்துவிட்டுச் சொல்லாதே. காகிதத்தை அப்படியே அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மா காத்திருப்பாள்.

அப்பா