மொட்டை போடும் அண்ணனுக்கு முதல் நன்றி

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் ஓர் ஐயா இதயம் நின்று விழுந்ததும், முதலுதவிக் கூடாரத்திலிருந்த நாங்கள் ஓடியதும் உங்களுக்கெல்லாம் தெரியும். ஐயா கண் விழித்துவிட்டார். நேற்று மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். செய்தி வந்த கையோடு எழுதுகிறோம், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிக் காணிக்கைப் பந்தலிலிருந்து ஓடி வந்த அண்ணே, உங்கள் பெயரைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஏ.இ.டி. பெட்டி, அதாவது மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்க வைக்கும் கருவி, வந்து சேர்ந்தும் பயன்படாமல் கிடந்த நேரம் அது. மார்பெல்லாம் பாலும் சந்தனமும் வியர்வையும், போதாக்குறைக்கு அடர்ந்த முடி. மார்பில் ஒட்ட வேண்டிய அதன் பேட் ஈரத்தில் பிடிக்காது. பிடித்தாலும் மின்சாரம் இதயத்துக்குள் இறங்காமல் தோல் மேலேயே ஓடிவிடும். முடி மேல் ஒட்டினால் பேடுக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கும், கருவியால் இதயத்தின் அலையைப் படிக்க முடியாது. 'பேடைச் சரிபாருங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மின்னதிர்ச்சி பாய்ந்தாலும் தோல் பொசுங்கும். இதற்காகத்தான் பெட்டியோடு ஒரு சவரக் கத்தி வைப்பது. எங்கள் பெட்டியில் அது இல்லை. எப்போதோ எடுத்தவர் திரும்ப வைக்கவில்லை, நாங்களும் திறந்து பார்க்கவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

"கத்தி இருக்கா?" என்ற சத்தம் கேட்டு வந்தவர், அந்த அவசரத்திலும் பழைய பிளேடை உருவிவிட்டுப் புதிதாகப் பாதி பிளேடு மாட்டினார். தோளில் கிடந்த காய்ந்த துண்டால் முதலில் துடைத்தார். பிறகு வலது காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலம், இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இன்னொரு உள்ளங்கை அகலம். அவ்வளவுதான். முழு மார்பையும் மழிக்கப் போகவில்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவர் கையையும் மறிக்கவில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறி இறங்கும் நெஞ்சின் ஓரத்தில் கீறல் படாமல் மழிக்க எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அழுத்தம் நின்றிருந்தால் மூளைக்குப் போகும் இரத்தமும் நின்றிருக்கும். மறுபடி தொடங்கினாலும் பழைய ஓட்டம் உடனே திரும்பாது, அதற்குப் பல அழுத்தல்கள் வேண்டும்.

யாரோ ஸ்பிரிட் பாட்டிலை நீட்டினார்கள், அண்ணன் தள்ளிவிட்டார். தெரிந்து செய்தாரோ பழக்கத்தில் செய்தாரோ, அது சரி. ஸ்பிரிட் காயாத தோலில் மின்சாரம் பாய்ந்தால் தீப்பற்றக்கூடும்.

மற்றவர்களுக்கும் நன்றி. உறுமியைச் சட்டென நிறுத்திய தம்பிகளே, கருவி பேசியது காதில் விழுந்தது உங்களால்தான். "மூச்சு விடுறாரே, விடுங்கப்பா" என்று சுற்றி நின்றவர்கள் சொல்லியும் கையை எடுக்காத தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. அது மூச்சில்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு அப்படி வாய் பிளந்து இழுக்கும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றிக்கொண்டவர்கள், மின்னதிர்ச்சி போனதும் நாடி தேடிக்கொண்டிருக்காமல் உடனே அழுத்தியவர்கள், அவசர எண் 999-ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட்ட அக்கா, ஸ்ட்ரெச்சர் சக்கரம் சிக்காமல் இருக்கத் தேங்காய்ச் சில்லுகளை வாரி ஒதுக்கிய சீனக் குடும்பம், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

அலகு குத்தியவராக இருந்திருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். உலோகத்துக்கு மேல் படாமல் சில விரற்கடை தள்ளி ஒட்டினால் போதும்.

இனி மாதம் ஒருமுறை பெட்டியைத் திறப்போம். கத்தி இரண்டு, காய்ந்த துண்டு, துணி வெட்டக் கத்தரி, பேட் இரண்டு ஜோடி இருக்க வேண்டும். பேடின் காலாவதித் தேதியையும் பேட்டரி விளக்கையும் பார்க்க வேண்டும். ஜெல் காய்ந்த பேட் எந்தத் தோலிலும் ஒட்டாது. கத்தியே கிடைக்காவிட்டால் ஒரு ஜோடியை அழுத்தி ஒட்டிச் சரேலென உரித்தால் முடியும் கூடவே வந்துவிடும், அடுத்த ஜோடியை அந்த இடத்தில் ஒட்டலாம். அடுத்த தைப்பூசத்துக்கு எங்கள் கூடாரத்தை முடிக் காணிக்கைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே போடக் கேட்கப் போகிறோம்.

அண்ணே, உங்கள் கத்திப்பிடி எங்கள் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. கழுவி வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், துண்டுக்குப் பதில் புதுத் துண்டும் இருக்கிறது.