கழிக்கரை அலையாத்தித் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் வேலைக்குத்தான் திருப்பணி என்போம், கழிக்கரையில் அலையாத்தி (உப்புச் சேற்றில் வளரும் கடலோர மரம்) கன்று வைப்பதற்கு அந்தப் பெயரா என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். வரி தண்டி, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று செய்த வேலைக்கு வேறு பெயர் குழுவுக்குத் தோன்றவில்லை. அது இருக்கட்டும். ஊரில் இப்போது கேட்கிற கேள்வி வேறு: கன்று வைக்கத் தண்டிய பணத்தில் பாதிக்கு மேல் வாய்க்கால் வெட்டப் போனது ஏன்? கணக்குச் சீட்டு சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. காரணத்தை இங்கே எழுதுகிறோம்.

முதல் வருடம் வைத்தது எல்லாமே சுரபுன்னை என்ற அலையாத்தி வகை. முருங்கைக்காய் மாதிரி முழ நீளத்துக்குத் தொங்கும் அதன் முளையைச் சேற்றில் குத்திவிட்டால் வேலை முடிந்தது, அதனால்தான். மார்கழியில் கரை பச்சை பிடித்திருந்தது. பலர் படம் எடுத்து அனுப்பினீர்கள். சித்திரையில் மேல்கரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இலை நுனி கருகி, பிறகு குருத்தும் கருகி, குச்சி குச்சியாக நின்றன. தண்ணீர் ஊற்றாததால் பட்டுப்போயின என்று பேச்சு வந்தது. குடம் எடுத்து ஊற்றி வளர்க்கிற செடி அல்ல அது.

அப்புறம்தான் மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்; தவறு குழுவுடையது.

கடல்வாய்ப் பக்கம் மணல். பிடித்தால் கையில் நிற்காது. மழை பெய்தால் உப்பு இறங்கிவிடும், ஆனால் சத்தும் கூடவே இறங்கிவிடும். அலை அடித்தால் கன்று வேரோடு சாயும். நடுப்பகுதியில் வண்டல் கலந்த சேறு. உருட்டினால் திரியாக நீளும். தினமும் நீர் ஏறி வற்றுகிற இடம். முதல் வருடத்தில் பிழைத்த கன்றுகள் எல்லாம் இங்கே நின்றவைதான்.

மேல்கரை சுத்தக் களி. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, கீழே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பழைய உப்பளத் தொழிலாளியான மூத்த உறுப்பினர் ஒரு கட்டியை நாக்கில் வைத்துவிட்டு, "இது கடலைவிடக் கூடுதல்" என்றார். உப்பு பார்க்கும் கருவியை இரவல் வாங்கிவந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. இளங்கன்று நன்றாக வளர்வதோ அதில் பாதி, அதற்கும் குறைந்த உப்பில்தான்.

மேல்கரையில் உப்பு ஏறியதற்குக் காரணம் இதுதான். பாக் விரிகுடாவில் ஏற்ற வற்றம் குறைவு. அமாவாசை, பௌர்ணமிக்கு மட்டும் நீர் மேலே ஏறிப் பள்ளத்தில் தங்கும். அட்டமி நவமியில் எட்டிப் பார்க்காது. தங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பை விட்டுப்போகும். களிமண் அடியில் இருக்கிற உவர்நீரையும் மேலே உறிஞ்சும். கழுவிவிட நன்னீராவது வருமா என்றால், வைகை நம் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. உபரி வந்தால்தான் கடல். மிச்சம் ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

ஆகவே மேல்கரைக்குத் தேவைப்பட்டது நீர் வந்து போக வழி. பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்து காட்டிய மீன்முள் வாய்க்கால் முறையையே எடுத்துக்கொண்டோம்: நடுவே தாய் வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். இயந்திரம் புதையும் என்பதால் முழுக்க ஆள் வெட்டு. பணம் போனது இங்கேதான். வெட்டி ஒரு மழைக்காலம் சும்மா விட்டோம். அந்த வருடம் எதுவும் நடவில்லை என்று சிலர் கோபித்தீர்கள். அந்த மழையில்தான் உப்பு இறங்கியது.

அடுத்த நடவில் ஆளுக்கேற்ற இடம். வாய்க்கால் சரிவுகளில் வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி வகை. வேரில் நுழைகிற உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளுகிற செடி அது. காலையில் அதன் இலையைத் தடவி விரலை நக்கிப் பாருங்கள், கரிக்கும். சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடும், ஆனால் மேல்கரை உப்புக்கு ஈடுகொடுக்காது. அதை நடுச்சேற்றோடு நிறுத்திக்கொண்டோம். நாற்றங்கால் பையில் சேறும் மணலும் கலந்து, முதலில் நன்னீர் சேர்த்து ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தண்ணீருக்குப் பழக்கினோம். மணல் பக்கம் எதுவும் வைக்கவில்லை. வலை உலர்த்த அது நமக்கு வேண்டும்.

இரண்டு கோடை தாண்டி மேல்கரைக் கன்றுகள் நிற்கின்றன. சிலவற்றின் அடியில் மூச்சுவேர் பென்சில் முனை போல எட்டிப் பார்க்கிறது. நடுச்சேற்றில் கடல்வாயை ஒட்டி இருந்த சிலவற்றைக் கொட்டலசு (படகடியிலும் பாறையிலும் ஒட்டும் சிறு ஓட்டுயிரி) ஒட்டிப் பாரத்தில் சாய்த்துவிட்டது. வேலி பிரிந்த இடத்தில் ஆடு புகுந்தது. யாருடைய ஆடு என்று இங்கே எழுதவில்லை.

மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது. அது தூர் வாருவதற்கு மட்டும். கிளை வாய்க்கால் மூன்றில் வண்டல் அடைத்துவிட்டது, மழைக்கு முன் எடுக்காவிட்டால் பழையபடி உப்புப் பூக்கும். ஆவணி முதல் ஞாயிறு, காலை நீர் வற்றும் நேரம், வீட்டுக்கு ஒருவர். மண்வெட்டி அவரவர் கொண்டுவரவும். குழுவிடம் இருந்த நான்கில் இரண்டு சேற்றுக்குள் போய்விட்டது.