பாதியில் நிற்கும் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் தோட்டத்து டிரெஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருந்தகத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட்டில் இன்றும் யாராவது மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவதுண்டு. அவர்களில் பலர் அறுபதைத் தாண்டிய ஆண்கள். மனைவியை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்கள். ராத்திரி பலமுறை எழ வேண்டியிருக்கிறது, போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வீக்கம், புற்றுநோய் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருப்பார்.

பையில் இரண்டு மாத்திரைகள் இருக்கும். விழுங்குவது ஒன்றைத்தான். "இது நல்லா கேக்குது டிரெஸ்ஸர், அது சும்மா!"

கேட்பது டாம்சுலோசின். சிறுநீர்ப்பை வாயிலும் சுரப்பியிலும் இருக்கும் தசையைத் தளர்த்துவதால் சில நாளிலேயே சுகம் தெரியும். ஆனால் சுரப்பியின் அளவு குறையாது. அதைச் சுருக்குவது அந்த 'சும்மா' மாத்திரைதான்: ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு. பலன் தெரிய 6 மாதம்கூட ஆகும். சுரப்பி பெரிதாகிவிட்டவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள், பின்னாளில் நீர் அடைத்து டியூப் போடும் நிலை வராமல் இருக்க. ஒரே மாதத்தில் தூக்கிப் போட்டால் எப்படி?

நிறுத்துவதற்கு வாய்விட்டுச் சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. இந்த மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார். புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்க எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதும் இதைச் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் அந்த எண் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும், டாக்டர் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பார்ப்பார். கண்புரை அறுவைக்குப் போகிறவர்கள் டாம்சுலோசின் பற்றிக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது கண்மணியைச் சரியாக விரிய விடாது.

அப்புறம், மழைக்காலச் சளி. மூக்கடைப்புக்கும் சளிக்கும் வாங்கும் சில மாத்திரைகள் நீரை அடியோடு அடைத்துவிடும். மருந்துக் கடையில் புரோஸ்டேட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். நீர் முழுக்க நின்று அடிவயிறு கல்லாகிவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கோயில் மண்டபத்தில் நடக்கும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். ஏற்பாட்டாளர்கள் ஆண்களுக்கென்று ஒரு தனி மேசை போட்டு, இந்த விஷயம் பேச ஒரு டாக்டரை உட்கார வைக்கலாமே.

ஓய்வு பெற்ற தோட்டத்து டிரெஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்