ஆபரேட்டர் என்ன செய்தாள் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வருகிற போனையெல்லாம் தானே எடுத்துப் பேசுகிற ஒரு மென்பொருளை உன் குழு செய்கிறது, அதற்காகப் பழைய ஆபரேட்டர் வேலை பற்றித் தெரிய வேண்டும் என்றாய். அப்புறம் நீயே, "கனெக்‌ஷன் கொடுக்கிறதுதானேம்மா, வேற என்ன?" என்றும் கேட்டாய். வேறு நிறைய இருந்தது கண்ணு. அதில் பாதி வெளியே தெரியாது, எந்த ரூல் புத்தகத்திலும் எழுதியிருக்காது. மெஷினுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அது என்னவென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் வெளியே தெரிந்த பாதியைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வடாற்காடு ஒரே மாவட்டம், திருவண்ணாமலையும் அதில்தான் இருந்தது, 1989இல்தான் பிரித்தார்கள். வேலூரில் டிரங்க் போர்டு, அதாவது வெளியூர்க் கால்களை இணைக்கிற பலகை. தலையில் ஹெட்செட், எதிரே வரிசை வரிசையாக ஜாக் ஓட்டைகள், மேசையில் ஜோடி ஜோடியாகக் கார்டுகள், அதாவது நுனியில் பிளக் உள்ள ஒயர்கள். விளக்கு எரிந்தால் ஒரு கார்டை அந்த ஜாக்கில் சொருகி யார், என்ன நம்பர் வேண்டும் என்று கேட்டு டிக்கெட் எழுதுவோம். லைன் கிடைத்ததும் ஜோடியின் இன்னொரு கார்டை அந்த ஊர் லைனில் சொருகி அங்கே இருக்கிற ஆபரேட்டரைக் கூப்பிடுவோம், அந்த அம்மா அந்த ஊர் நம்பருக்கு மணி அடிப்பார். இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் நேரம் குறித்துக்கொண்டு, மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் போய் "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா?" என்று கேட்க வேண்டும். நீ சொன்ன 'கனெக்‌ஷன் கொடுக்கிறது' இவ்வளவுதான். யாருக்கும் சீக்கிரமே கை பழகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், லைன் கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. மெட்ராசுக்கு எத்தனை லைன் இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஒரே நேரத்தில் பேச முடியும், மீதிப் பேரின் டிக்கெட்டெல்லாம் அடுக்கி வைத்திருக்கும். காலையில் பத்து மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகளுக்கு மெட்ராசில் பெரியமேடு வேண்டும், ஆரணி பட்டுக்காரர்களுக்குக் காஞ்சிபுரமும் பெங்களூரும் வேண்டும், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்குக் கல்கத்தா வேண்டும். சாதாரணக் கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று தரம் உண்டு. அர்ஜென்டுக்கு இரட்டைக் கட்டணம், லைட்னிங்குக்கு அதற்கும் மேலே. காசு உள்ளவர் அர்ஜென்ட் போடுவார், அவருக்கு முதலில் கிடைக்கும், விதி அப்படி. ஆனால் சாதாரணக் கால் புக் பண்ணிவிட்டு அடிக்கடி கூப்பிட்டு "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்கிறவரின் குரலில் சாவுச் செய்தி இருக்கிறதா, வெறும் அவசரமா என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தால் சும்மா இருக்க மாட்டோம். சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லி, மெட்ராஸ் ஆபரேட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, அந்த டிக்கெட்டை முன்னால் எடுப்போம். அந்த முடிவை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, எழுதியும் தரவில்லை. ஆனால் அது எங்கள் வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் காத்திருப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் எர்லாங் என்று ஒரு கணிதக்காரர் இருந்தார். ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர் கூப்பிட்டால், ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் பேசினால், எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று 1909இலும் 1917இலும் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் கால் சென்டரில் எத்தனை பேரை உட்கார வைப்பது என்பதை அந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் போடுகிறார்கள், உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பதை அவர் சொல்லிவிட்டார். அதில் யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்பது போர்டில் உட்கார்ந்தவளிடம் விடப்பட்டது.

சரி, இந்த வேலைக்குப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த கதை. அமெரிக்காவில் ஆரம்பத்தில் போர்டில் உட்கார்ந்தது தந்தி ஆபீசிலிருந்து வந்த பையன்கள். கூப்பிடுகிறவர்களை எடுத்தெறிந்து பேசினார்கள், சண்டை போட்டார்கள். 1878 செப்டம்பர் 1ஆம் தேதி பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுவதும் இது பெண்கள் வேலை ஆகிவிட்டது. பதின்மூன்றே வருஷத்தில் எங்களை வேண்டாம் என்று சொல்கிற மெஷினுக்குக் காப்புரிமையும் வந்துவிட்டது. கான்சாஸ் சிட்டியில் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர், பிணத்தை எடுத்து அடக்கம் செய்து தருகிற தொழில் அவருக்கு. தன்னைக் கேட்டு வரும் கால்களை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறாள் என்று சந்தேகப்பட்டார் என்பார்கள். அந்தக் கோபத்தில் ஆபரேட்டரே இல்லாமல் தானே லைனை இணைக்கிற எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை வாங்கினார், அடுத்த வருஷமே இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் அது வேலை செய்ய ஆரம்பித்தது.

அந்த மெஷினை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அழகான மெஷின். நீ டயலில் ஐந்தைச் சுற்றி விட்டால், டயல் திரும்பி வரும்போது லைனில் ஓடுகிற கரண்ட் ஐந்து தடவை அறுந்து சேரும். எக்ஸ்சேஞ்சில் ஒரு கை ஐந்து படி மேலே ஏறும். அடுத்த எண்ணுக்கு அதே கை பக்கவாட்டில் திரும்பும். பத்து மாடி, மாடிக்குப் பத்து வாசல், ஆக நூறு லைன். காலை நேரத்தில் ஸ்விட்ச் ரூம் கதவைத் திறந்தால் அந்தச் சத்தம் ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுவது போலக் கேட்கும். ஸ்ட்ரௌஜர் சந்தேகப்பட்டதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஊரில் யார் யாரோடு பேசுகிறார் என்று தெரிந்த ஒருத்தி கையில் நிஜமாகவே அதிகாரம் இருந்தது. நம் நாட்டின் 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும், லைனில் போகிற செய்தியை வெளியே சொன்ன ஊழியருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று வைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் எங்களுக்குச் சொன்ன முதல் விஷயம் அது. ஒரே தெருவில் குடியிருக்கிறவர்களின் கடன், கல்யாணப் பேச்சு, வியாதி எல்லாம் காதில் விழும், வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம்கூட வாய் திறந்ததில்லை. உன் மெஷின் ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது என்றாயே, அதை யார் யார் கேட்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று உன் குழுவில் தீர்மானமாகிவிட்டதா? ஆகவில்லை என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அதை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. உன் கம்ப்யூட்டரே எங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான். தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்காகச் செய்த ரிலேக்களில், அதாவது கரண்டால் இயங்குகிற ஸ்விட்சுகளில், இரண்டை வீட்டுக்கு எடுத்துப்போய், அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் இருந்த ஸ்டிபிட்ஸ் 1937இல் சமையலறை மேசையில் வைத்துக் கூட்டல் போட வைத்தார். யுத்த காலத்தில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கக் கொலோசஸ் மெஷினைச் செய்த டாமி ஃப்ளவர்ஸ் யார் தெரியுமா? பிரிட்டிஷ் தபால் துறையின் டெலிபோன் இன்ஜினியர். எனியாக் கம்ப்யூட்டருக்கு முதலில் புரோகிராம் எழுதிய ஆறு பெண்களும் அதன் பலகைகளில் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகித்தான் செய்தார்கள். அந்தப் படத்தை நீதான் எனக்கு அனுப்பினாய், பார்த்ததும் நம்ம போர்டு மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

நம் நாட்டில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முதலாம் உலகப் போரை ஒட்டியே சிம்லாவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்குப் பேசுவது 1960இல்தான், லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவில் முதன்முதலாக. எஸ்.டி.டி. என்ற அந்த வசதி மெல்ல மெல்ல ஊர் ஊராகப் பரவியது. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசாங்க டெலிபோன் ஆராய்ச்சி மையம். சாம் பிட்ரோடாவும் அவரோடு இருந்த இளம் இன்ஜினியர்களும் 128 லைன் உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள், முதலாவது 1986இல் கர்நாடகத்தில் கிட்டூரில் வைத்தார்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு ஏ.சி. அறை வேண்டும். இது சின்ன ஊரில், தூசியில், வெயிலில், ஏ.சி. இல்லாமல் ஓட வேண்டும் என்று நினைத்தே செய்தது. நம் ஊர் கத்திரி வெயிலை நீ மறந்திருக்க மாட்டாய், அதில் மெஷின் நின்று வேலை செய்தது என்றால் அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எங்கள் போர்டு காலியானதில் எனக்கு வருத்தமில்லை என்று நான் சொல்வது மனதாரத்தான். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் ஆள் இருக்கும். பையன் எல்லையிலிருந்து பேசுவானா என்று எங்கோ ஒரு டெலிபோன் இருக்கிற வீட்டு வாசலில் போய் அம்மாக்கள் நிற்க வேண்டியிருந்ததை நான் அறிவேன். அது போனது நல்லது.

ஆனால் எங்கள் வேலையில் வெளியே தெரியாத அந்தப் பாதி போர்டோடு போய்விடவில்லை, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டது. ஆற்காடு சாலையில் சி.எம்.சி. எதிரே இருந்த பூத்துகள் உனக்கு நினைவிருக்கும், மஞ்சள் போர்டு, பெங்காலியிலும் எழுதி வைத்திருப்பார்கள். ராத்திரி கட்டணம் கால்வாசியாகக் குறைகிற நேரத்துக்காக அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். நம்பர் எழுதிய சீட்டு நனைந்து போயிருக்கும், கோடு நம்பர் மாறியிருக்கும், ஊரில் பக்கத்துக் கடைக்குப் போட்டு ஆளைக் கூப்பிட்டு வரச் சொல்லிவிட்டு மறுபடி பத்து நிமிஷம் கழித்துப் போட வேண்டியிருக்கும். பூத்காரர் அதையெல்லாம் பொறுமையாகச் செய்தார், அரைகுறை பெங்காலியில் "ஏக்டூ தோருன்" என்று லைனில் காத்திருக்கச் சொல்வார். ஆபரேஷன் முடிந்தவருக்கு என்ன ஆயிற்று என்று அவரே விசாரிப்பார். கனெக்‌ஷனை மெஷின் கொடுத்தது, மீதியை அவர் செய்தார்.

என்னை நம்பர் விசாரிக்கிற 197 சேவைக்கு மாற்றிய பிறகு இது இன்னும் தெளிவாகப் புரிந்தது. டைரக்டரி விசாரணைக்குக் கூப்பிடுகிறவர்கள் சரியான பெயரும் முகவரியும் சொல்வது அபூர்வம். "லாங் பஜார்ல, மாடியில ஒரு கண் டாக்டர் இருக்காரே, வயசானவரு, அவரு நம்பர்" என்பார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர் பாதித் தமிழ் பாதித் தெலுங்கில் பேசுவார், வாணியம்பாடியிலிருந்து கூப்பிடுகிற பாட்டி உருதில் தொடங்கித் தமிழில் முடிப்பார். முக்கியமானது என்னவென்றால், தனக்கு என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரி நம்பர் கேட்கிறவர் எதிர்த்த கடையைப் பற்றித் தொடங்குவார். நாங்கள் நடுவில் வெட்டாமல் கொஞ்சம் கேட்டால், விஷயம் தானாக வந்துவிடும்.

அதனால் உன் மெஷினைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பேசுகிறவர் நடுவில் நிறுத்தினால் அது எவ்வளவு நேரம் பொறுக்கும்? அழுகிறவரிடம் "மன்னிக்கவும், புரியவில்லை" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்குமா, இல்லை உடனே ஒரு மனுஷரிடம் கொடுத்துவிடுமா? ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மனுஷர் இருப்பாரா? மனுஷரிடம் பேச வேண்டும் என்று கேட்கிறவரை நாலு மெனுவுக்குள் சுற்றவிடுவீர்களா? போனில் பேசுவது பிள்ளைக்கு மூச்சு திணறுகிறது என்று கூப்பிடுகிற அம்மாவா, அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் கேட்கிறவரா என்று அதற்கு எந்த இடத்தில் தெரியும்? உன் குழுவில் ஆஸ்பத்திரி போர்டில் வேலை செய்த ஒருவராவது இருக்கிறாரா? இல்லை என்றால் அந்த ஆஸ்பத்திரிக்கே போய், இப்போது போன் எடுக்கிற பெண்கள் பக்கத்தில் ஒரு ராத்திரி டூட்டி முழுக்க உட்கார்ந்து பார், மெஷின் வந்ததும் அவர்களுக்கு என்ன வேலை என்பதையும் மேலே கேள்.

சோதிக்கிற நம்பர் ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்பு. நான் தமிழில் பேசிப் பார்க்கிறேன், உன் சித்தூர் அத்தையைத் தெலுங்கில் பேச வைக்கிறேன், எதிர் வீட்டு மாமி உருதில் பேசுகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். என்னோடு போர்டில் இருந்தவர்களில் சிலர் இன்னும் வேலூரிலும் காட்பாடியிலும்தான் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். எப்படியெல்லாம் மனுஷர்கள் போனில் பேசுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அப்படியெல்லாம் பேசிக் காட்டுகிறோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்றால் எல்லோருக்கும் வசதி.

அன்புடன்,
அம்மா